தூக்கம் வரவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்

வாசகர் கேள்வி – மனநல மருத்துவக் குழுவின் பதில்

குடும்ப வன்முறையிலிருந்து வெளியே வந்தவர்கள், இன்னும் அதற்குள்ளேயே இருப்பவர்கள், பக்கத்தில் நின்று தவிப்பவர்கள் என மூன்று தரப்பிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டே வெளியிடுகிறோம்.

கேள்வி: அந்த வீட்டைவிட்டு வந்து எட்டு மாதம் ஆகிறது. இப்போது என்னை அடிக்கவோ திட்டவோ யாரும் இல்லை. ஆனாலும் படியில் செருப்புச் சத்தம் கேட்டால் கை நடுங்குகிறது. இரவு இரண்டு மணிக்கு மேல்தான் கண் அசருகிறது. டாக்டரிடம் போய்த் தூக்கம் வரவில்லை என்றேன், மாத்திரை கொடுத்தார். மூன்று வாரம் சாப்பிட்டும் அதே நடுக்கம். எல்லாம் முடிந்த பிறகு ஏன் இப்படி? மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டுமா, கவுன்சலர் போதுமா?

எல்லாம் முடிந்த பிறகுதான் பலருக்கு இது தலைதூக்கும். அடி எப்போது விழும் என்று தெரியாத வீட்டில் இருக்கும்போது மூளை ஓயாமல் காவல் காக்கப் பழகிவிடுகிறது. செருப்புச் சத்தத்தின் வேகத்தை வைத்தே இன்று அவர் என்ன கோபத்தில் வருகிறார் என்று கணித்திருப்பீர்கள். அப்போது உங்களைக் காப்பாற்றியது அந்தக் கணிப்புதான். இப்போது வீடு மாறிவிட்டது, மூளை இன்னும் காவலை விடவில்லை.

நீங்கள் எழுதியிருப்பது அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோயாக இருக்கலாம். மருத்துவர்கள் சுருக்கமாகப் பி.டி.எஸ்.டி. என்பார்கள். பழைய சம்பவம் இப்போதே நடப்பதுபோலக் கண்முன் வருவது, அதை நினைவூட்டும் இடங்களையும் ஆட்களையும் பேச்சையும் தவிர்ப்பது, எந்நேரமும் உஷாராக இருப்பது ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வேலையைக் கெடுத்தால் இந்த நோயைச் சந்தேகிக்க வேண்டும். 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் இதை நோய்ப் பட்டியலில் சேர்த்தபோது பெரிதும் பேசப்பட்டவர்கள் போர்முனையிலிருந்து திரும்பியவர்கள். தப்பிக்க வழியில்லாமல் வருடக்கணக்கில் கொடுமைக்குள்ளானவர்களுக்கு இதற்கு மேலும் சில உண்டு: உணர்ச்சி சட்டென்று கொதிப்பது அல்லது முழுக்க மரத்துப்போவது, ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற எண்ணம் ஊறிப்போவது, யாரிடமும் நெருங்கிப் பழக முடியாமை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11-ஆவது பதிப்பு இதைச் ‘சிக்கலான பி.டி.எஸ்.டி.’ என்று தனி நோயாகவே பிரித்திருக்கிறது. அந்தப் பதிப்பு நடைமுறைக்கு வந்தது 2022 ஜனவரியில். அதற்கு முன் படித்து வந்த மருத்துவர்கள் எல்லோருக்கும் இது கைவந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

யாரைப் பார்ப்பது? மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர். நோயைக் கண்டறிவார், மருந்து எழுதுவார், தைராய்டு கோளாறு, இரத்தசோகை போன்ற உடல் காரணங்களையும் பரிசோதனையில் விலக்கிப் பார்ப்பார். மருத்துவ உளவியலாளர் மருந்து எழுதமாட்டார், பேச்சுவழிச் சிகிச்சை அவருடைய வேலை. ‘கவுன்சலர்’ என்ற பெயருக்குப் பின்னால் பல வருடப் பயிற்சியும் இருக்கலாம், சில நாள் வகுப்பும் இருக்கலாம். கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தங்குமிடம், சட்டம், பண உதவி ஆகியவற்றுக்குச் சமூகப் பணியாளர். எங்கள் யோசனை: மதிப்பீட்டுக்கு ஒருமுறையாவது மனநல மருத்துவரைப் பாருங்கள், தொடர் சிகிச்சைக்கு அதிர்ச்சி பாதிப்பில் பயிற்சி பெற்ற உளவியலாளரிடம் போங்கள். தற்கொலை எண்ணம், நாள் கணக்கில் தூக்கமோ சாப்பாடோ இல்லாமை, காதில் குரல் கேட்பது, குடிப்பழக்கம், கர்ப்பம், பிரசவமாகி ஒரு வருடத்துக்குள் இருப்பது, முன்பே மனநோய்க்கு மருந்து சாப்பிட்டிருப்பது, இதில் ஏதாவது ஒன்று இருந்தால் நேராக மனநல மருத்துவரிடம்தான்.

அடுத்தது முக்கியம். தூக்கம் வரவில்லை என்று மட்டும் சொன்னால் தூக்கத்துக்கு மட்டும்தான் மருந்து கிடைக்கும். டாக்டர் மேல் தவறில்லை, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். உட்கார்ந்த முதல் நிமிடத்திலேயே இப்படிச் சொல்லிவிடுங்கள்: “என் கணவர் பல வருடம் என்னை அடித்தார். விலகி எட்டு மாதம் ஆகிறது. என் நடுக்கமும் தூக்கமின்மையும் அதனால் வந்தவை என்று நினைக்கிறேன்.” வாய் வராது என்றால் எழுதி நீட்டுங்கள். ஒரே ஒரு பக்கம் போதும். கொடுமை எப்போது தொடங்கியது, கடைசியாக எப்போது நடந்தது. தலையில் அடி, கழுத்து நெரிப்பு, மயக்கம், கட்டாய உடலுறவு நடந்ததா. இப்போது என்னென்ன தொந்தரவு, வாரத்தில் எத்தனை நாள். சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரும் அளவும். கடைசி மாதவிடாய்த் தேதி. கடைசி வரியில், இன்னும் அவரால் ஆபத்து இருக்கிறதா. சம்பவங்களை விவரித்து எழுத வேண்டியதில்லை. முதல் சந்திப்பிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து இரண்டு நாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்து, அடுத்த சந்திப்புக்குப் போகாமலே விட்டுவிடுபவர்கள் நிறைய. ‘அதை இன்று பேசவேண்டாம்’ என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

நல்ல மருத்துவர் முதல் சந்திப்பில் உங்களைத் தனியாகப் பார்ப்பார், இப்போது பாதுகாப்பாக இருக்கிறீர்களா என்று கேட்பார், தற்கொலை எண்ணத்தைப் பற்றி நேரடியாகவே விசாரிப்பார். பி.டி.எஸ்.டி.யை அளக்கும் 20 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 80. 31-33ஐத் தொட்டால் நோய் இருக்க வாய்ப்பு அதிகம் என்று எடுத்துக்கொண்டு மேற்கொண்டு விசாரிப்பார்கள். அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து அதே படிவத்தை நிரப்பும்போது, முன்னேற்றம் இருக்கிறதா என்பதை உங்கள் அன்றைய மனநிலையை நம்பாமல் பார்க்கலாம்.

‘நீங்கள் என்ன செய்தீர்கள், அவர் அடிக்கும்படி?’ என்று கேட்பவர், உங்களைக் கேட்காமல் கணவருக்குப் போன் போடுபவர், ஐந்து நிமிடத்தில் மூன்று மாத்திரை எழுதி அனுப்புபவர், இவர்களிடம் இரண்டாவது முறை போக வேண்டியதில்லை. ஒருவர் சரியில்லை என்பதற்காகச் சிகிச்சையையே விட்டுவிடாதீர்கள், ஆளை மாற்றுங்கள்.

கேள்வி: மனநல மருத்துவர் செர்ட்ரலின் 25 மில்லிகிராம் தொடங்கி, இப்போது 50 ஆக்கியிருக்கிறார். பத்து நாள் ஆகிறது. குமட்டலும் படபடப்பும் முன்பைவிட அதிகம். இது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லையா? ஏற்கெனவே சாப்பிட்டுவந்த அல்பிரசோலத்தைக் குறைக்கச் சொல்கிறார். அது ஒன்றுதான் எனக்குக் கேட்கிறது.

உங்கள் மருத்துவர் சரியான பாதையில்தான் போகிறார். பி.டி.எஸ்.டி.க்கென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஒப்புதல் பெற்ற மருந்துகளே இரண்டுதான். செர்ட்ரலின் ஒன்று, பராக்செட்டின் மற்றொன்று. 25-ல் தொடங்கி ஒரு வாரத்தில் 50 என்பது வழக்கமான முறை. தேவைப்பட்டால் படிப்படியாக 200 வரை போகலாம்.

குமட்டல், பேதி, தலைவலி, படபடப்பு ஆகியவை முதல் இரண்டு வாரத்தில் வருபவை, பெரும்பாலும் தாமாக அடங்கும். சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டல் குறையும். தூக்கம் கெட்டால் காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். சிக்கல் என்னவென்றால், பக்கவிளைவு முதல் வாரத்திலேயே வந்துவிடும், பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரமாகும், முழுப் பலனுக்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரம்கூட ஆகலாம். பத்தாவது நாளில் நிறுத்துபவருக்குத் தொல்லை மட்டும்தான் மிச்சம். ஆனால் உட்காரவே முடியாத தவிப்பு, சாக வேண்டும் என்ற எண்ணம், அல்லது தூங்காமலேயே அளவுக்கு மீறிய உற்சாகம் வந்தால் காத்திருக்காதீர்கள், அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். 25 வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தொடக்க வாரங்களில் கூடுதல் கவனம் வேண்டும். பாலுறவில் நாட்டமோ உச்சமோ குறையலாம். இதைச் சொல்லக் கூச்சப்பட்டே பலர் மாத்திரையை ரகசியமாக நிறுத்துகிறார்கள். சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்ற வழி இருக்கிறது.

அல்பிரசோலம், குளோனசிபாம், டையசிபாம் எல்லாம் ஒரே குடும்பம். போட்ட அரைமணியில் படபடப்பு தணியும், அதனால்தான் ‘இதுதான் கேட்கிறது’ என்று தோன்றுகிறது. அதிர்ச்சி பாதிப்பை அவை ஆற்றுவதில்லை. நாளாக ஆக அதே பலனுக்கு அதிக மாத்திரை தேவைப்படும், ஞாபகம் மங்கும், சிகிச்சையில் மூளை புதிதாகக் கற்க வேண்டியதையும் அவை மழுக்கும். கொடுமை நடந்த முதல் மாதத்தில் மன உளைச்சலுக்கோ தூக்கமின்மைக்கோ இவற்றைக் கொடுக்க வேண்டாம் என்பது 2013-ல் உலக சுகாதார நிறுவனம் தந்த வழிகாட்டுதல். இன்னொன்றும் உண்டு: ஆபத்து இன்னும் விலகாத வீட்டில், ராத்திரி கதவு தட்டப்பட்டால் விழித்து ஓட முடியாத அளவுக்கு ஒருவரைத் தூங்கவைப்பது நல்லதல்ல.

ஆனால் சட்டென்று நிறுத்தவே கூடாது, வலிப்பு வரலாம். எத்தனை நாளாகச் சாப்பிட்டீர்கள் என்பதைப் பொறுத்து வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ சிறுகச் சிறுகக் குறைப்பார்கள். செர்ட்ரலினையும் குணமான உடனே விடக்கூடாது. நன்றாக ஆன பிறகும் ஒரு வருடம் அளவுக்குத் தொடர்ந்துவிட்டு, மெல்லக் குறைப்பதுதான் வழக்கம். கர்ப்பத்துக்குத் திட்டமிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள். குறிப்பாகப் பராக்செட்டின் சாப்பிடுபவர்கள்.

கேள்வி: நான் இன்னும் அவரோடுதான் இருக்கிறேன். விட்டு வரும் நிலையில் இப்போது இல்லை. அவருக்குத் தெரியாமல் மனநல சிகிச்சை எடுக்க முடியுமா? தெரிந்தால் “பைத்தியம் என்று டாக்டரே எழுதிக் கொடுத்துவிட்டார்” என்று எல்லோரிடமும் சொல்வார்.

முடியும். வெளியே வந்தால்தான் சிகிச்சை என்று யாரும் நிபந்தனை போட முடியாது. ஆனால் சிகிச்சையின் நோக்கம் வேறாக இருக்கும். ஆபத்து நடப்பில் இருக்கும்போது பழைய நினைவுகளைக் கிளறும் சிகிச்சையைப் பெரும்பாலும் தள்ளிவைப்பார்கள். தூக்கம், மனச்சோர்வு, பாதுகாப்புத் திட்டம், தெளிவாக யோசிக்கும் சக்தி, இவற்றைத்தான் முதலில் மீட்க வேண்டும்.

ரகசியம் எங்கே உடைகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் மருத்துவர் வாயிலிருந்து அல்ல. போனுக்கு வரும் நினைவூட்டல் குறுஞ்செய்தி, காப்பீட்டு அட்டையில் பதிவாகும் வருகை, இருவருக்கும் பொதுவான வங்கிக் கணக்கில் தெரியும் கட்டணம், போனின் இருப்பிடப் பகிர்வு, தேடல் வரலாறு, பையில் கிடக்கும் மருந்துச்சீட்டு. இந்த ஒவ்வொன்றுக்கும் முன்பே விடை வைத்திருங்கள். முன்பதிவை அவர் தொடாத போனிலிருந்து செய்யுங்கள். ‘இந்த எண்ணுக்குச் செய்தி அனுப்ப வேண்டாம், கூப்பிட வேண்டாம்’ என்று வரவேற்பில் சொல்லி, பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். பொது மருத்துவமனையில் பல பிரிவுகள் ஒரே கட்டடத்தில் இருப்பதால், தலைவலிக்கோ மாதவிடாய்க் கோளாறுக்கோ போனதாகச் சொல்ல இடமிருக்கிறது. உளவு மென்பொருள் போனில் இருப்பதாகச் சந்தேகம் வந்தால் உடனே அழித்துவிடாதீர்கள். அழித்தது அவருக்குத் தெரிந்துவிடும், சீற்றம் கூடும். அந்தப் போனைச் சாதாரண விஷயங்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, சிகிச்சைப் பேச்சை வேறு போனில் வைத்துக்கொள்ளுங்கள். வீடியோ வழி ஆலோசனையும் அவர் வீட்டில் இல்லாத நேரத்தில்தான். அவர் திடீரென்று வந்துவிட்டால் பேச்சை மாற்ற ஒரு சொல்லை ஆலோசகரோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

கணவரோ அவர் வீட்டாரோ மொழிபெயர்ப்பாளராகவோ துணையாகவோ உள்ளே வரக்கூடாது. ‘பரிசோதனைக்குத் தனியாக வரவேண்டும்’ என்பதை மருத்துவரே விதியாகச் சொல்லிவிட்டால் பழி உங்கள் மேல் விழாது. அப்படிச் சொல்லும்படி முன்கூட்டியே கேளுங்கள்.

மருத்துவ ரகசியத்துக்கு விதிவிலக்குகள் உண்டு. உயிருக்கு உடனடி ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை, நீதிமன்ற உத்தரவு ஆகியவை பல நாடுகளில் அதில் வரும். ‘எதையெல்லாம் நீங்கள் வெளியே சொல்ல வேண்டிவரும்?’ என்று தொடக்கத்திலேயே கேட்டுக்கொண்டு பேசுங்கள்.

‘பைத்தியம்’ பட்டத்தைப் பற்றி. அந்தப் பயம் நியாயமானது. நோயின் பெயரை ஆயுதமாக்குபவர்கள் இருக்கிறார்கள். மருத்துவர்களே தடுமாறும் இடமும் ஒன்று உண்டு. ‘அவர் என் போனைக் கண்காணிக்கிறார், நான் போகும் இடமெல்லாம் அவருக்குத் தெரிகிறது’ என்று பயந்த குரலில் சொன்னால், அது சந்தேக நோய் என்று பதிவாகிவிடக்கூடும். கோபமும் அழுகையும் மாறிமாறி வந்தால் ஆளுமைக் கோளாறு என்றோ இருதுருவ நோய் என்றோ முத்திரை விழக்கூடும். அதனால்தான் தேதியோடு பேசுங்கள்: ‘போன மாதம் இந்தத் தேதியில் நான் யாரிடமும் சொல்லாமல் போன இடத்துக்கு அவர் வந்து நின்றார்.’ ‘கணவரால் தாக்கப்பட்டதாக நோயாளி கூறுகிறார்’ என்று உங்கள் வார்த்தையிலேயே குறிப்பில் எழுதச் சொல்லுங்கள், காயங்களை அளவோடும் இடத்தோடும் பதியச் சொல்லுங்கள். ‘வீட்டுப் பிரச்சினை’ என்று எழுதினால் பின்னால் அது எதற்கும் உதவாது. சரியாக எழுதப்பட்ட அதே குறிப்பு பிற்காலத்தில் உங்கள் பக்கம் பேசும்.

கேள்வி: “தம்பதி கவுன்சலிங் போகலாம், நானும் வருகிறேன்” என்று அவரே முன்வருகிறார். போகலாமா?

வன்முறை நிற்காதவரை வேண்டாம். தம்பதி ஆலோசனை என்பது இருவரும் பயமில்லாமல் பேசமுடியும் என்ற அனுமானத்தில் நடப்பது. நீங்கள் அங்கே உண்மை சொன்னால் அதற்கான விலையை வீட்டில் கொடுப்பீர்கள். சொல்லாவிட்டால் ஆலோசகர் பாதிப் படத்தை வைத்து ‘இருவரும் விட்டுக்கொடுங்கள்’ என்பார். அடிப்பது அடிப்பவரின் பிரச்சினை. அவர் உண்மையாகவே மாற விரும்பினால் வன்முறையாளர்களுக்கென்று நடத்தப்படும் தனிச் சிகிச்சையில் அவர் மட்டும் சேரட்டும். குடியை நிறுத்தினால் எல்லாம் சரியாகும் என்பதும் பாதி உண்மைதான். குடிக்காத நாட்களில் அவர் எப்படி இருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: உளவியலாளர் நடந்ததை முழுவதுமாக, கண்ணை மூடிக்கொண்டு, இப்போது நடப்பதுபோலச் சொல்லச் சொல்கிறார். மூன்று நாள் தூக்கம் போய்விட்டது. இது சிகிச்சையா, இல்லை ரணத்தைக் கீறுவதா?

இது நீடித்த எதிர்கொள்ளல் சிகிச்சை. உளவியலாளர் ஈட்னா ஃபோவா வகுத்த முறை. வாரம் ஒரு முறை, சுமார் 90 நிமிடம், 8 முதல் 15 அமர்வுகள். சம்பவத்தை அரைமணிக்கு மேல் திரும்பத் திரும்பச் சொல்லி, அந்தப் பதிவை வீட்டில் கேட்கவும் சொல்வார்கள். தவிர்க்கத் தவிர்க்கப் பயம் அப்படியே உறைந்திருக்கும், பாதுகாப்பான இடத்தில் எதிர்கொண்டால் ‘இது நினைவு, இப்போது நடப்பதல்ல’ என்று மூளை கற்கும். இதுதான் அடிப்படை. முதல் சில அமர்வுகளுக்குப் பின் தொந்தரவு கூடுவது உண்டு, அதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் தொடங்கியிருந்தால் அது குறைதான்.

இது ஒன்றே வழியல்ல. உளவியலாளர் பட்ரீசியா ரெசிக் உருவாக்கிய அறிவுவழிச் செயலாக்கச் சிகிச்சையில், வழக்கமாக 12 அமர்வுகள், சம்பவத்தை விலாவாரியாகச் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. ‘நான் எதிர்த்துப் பேசியதால்தான் அடித்தார்’, ‘முதல் அடியிலேயே கிளம்பியிருக்க வேண்டும்’ போன்ற முடிவுகளைக் காகிதத்தில் எழுதி, ஆதாரம் கேட்டு, ஒவ்வொன்றாக உரசிப் பார்ப்பார்கள். குற்ற உணர்வும் அவமானமும்தான் பயத்தைவிடப் பெரிதாக அழுத்துகிறது என்றால் இதைக் கேட்டுப் பாருங்கள். குடும்ப வன்முறையில் பெரும்பாலும் அப்படித்தான். மூன்றாவது, உளவியலாளர் பிரான்சின் ஷபீரோ 1980-களின் பிற்பகுதியில் தொடங்கிய கண் அசைவுச் சிகிச்சை, இ.எம்.டி.ஆர். என்பார்கள். நினைவை மனதில் நிறுத்தியபடி சிகிச்சையாளரின் விரலசைவைக் கண்ணால் தொடரவேண்டும், வாயால் அதிகம் சொல்லவேண்டியதில்லை.

தொடர்வதா நிறுத்துவதா என்பதற்கு எங்கள் அளவுகோல் இது. அமர்வுக்குப் பின் இரண்டு மூன்று நாள் கலங்கி, அடுத்த அமர்வுக்குள் பழைய நிலைக்கு வந்தால் தொடரலாம். நேரம் போனதே தெரியாமல் மணிக்கணக்கில் உறைந்துபோவது, உடம்பைக் கீறிக்கொள்ளத் தோன்றுவது, குடிக்கோ மாத்திரைக்கோ கை போவது என்றால் உடனே சொல்லுங்கள். வேகத்தைக் குறைத்து முதலில் மனதை நிலைப்படுத்தும் பயிற்சிக்குப் போக வேண்டும்.

அந்தப் பயிற்சியில் ஒன்றை வீட்டிலேயே செய்யலாம். பழைய காட்சி கண்முன் வரும்போது பாதங்களைத் தரையில் அழுத்துங்கள். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, எதிரில் தெரியும் ஐந்து பொருட்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். இன்றைய தேதி, இருக்கும் இடம், உங்கள் வயது ஆகியவற்றையும் சொல்லுங்கள். குளிர்ந்த நீரில் கையை வையுங்கள். மூச்சுப் பயிற்சி எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்வார்கள். கழுத்து நெரிக்கப்பட்டவர்களுக்கு மூச்சைக் கவனிப்பதே சம்பவத்தை மீட்டுவிடலாம். அவர்கள் பாதத்தையும் கண்ணையும் மட்டும் நம்பட்டும்.

கேள்வி: பெயர்கள் மறக்கின்றன, படித்தது மனதில் நிற்பதில்லை, அடிக்கடி தலைவலி. மன அழுத்தம் என்கிறார்கள். கணவர் பல முறை என் தலையைச் சுவரில் மோதியிருக்கிறார், இரண்டு முறை கழுத்தையும் பிடித்திருக்கிறார்.

மன அழுத்தம் என்று சொன்னவரிடம் இந்தக் கடைசி வரியைச் சொன்னீர்களா? மறதி, தலைவலி, எரிச்சல், வெளிச்சம் ஆகாமை, தூக்கக் கோளாறு ஆகிய இத்தனையும் பி.டி.எஸ்.டி.யிலும் வரும், தலைக்காயத்திலும் வரும், இரண்டும் சேர்ந்தே இருக்கவும் செய்யும். சாதாரண ஸ்கேன் சரியாக இருந்தாலும் அடியால் மூளை பாதிக்கப்படவில்லை என்று ஆகாது. நரம்பியல் மருத்துவரிடம் எத்தனை முறை அடிபட்டது, எத்தனை முறை நினைவு தப்பியது, அதன்பின் வாந்தி வந்ததா என்று கணக்கோடு சொல்லுங்கள். ஞாபகத்தையும் கவனத்தையும் அளக்கும் உளவியல் சோதனை கேளுங்கள். தலைக்காயம் இருப்பது தெரிந்தால் உளவியலாளரும் அமர்வைச் சுருக்கி, சொன்னதை எழுதிக் கொடுத்து நடத்துவார்.

கழுத்துப் பிடிப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். கழுத்து இரத்தக்குழாய்கள் அழுத்தப்பட்டால் பத்து விநாடிக்குள் நினைவு தப்பலாம். வெளியே ஒரு தடமும் இல்லாமலும் இருக்கும். குரல் கம்மல், விழுங்க வலி, கண்ணில் சிவப்புப் புள்ளிகள், தன்னையறியாமல் சிறுநீர் போயிருப்பது, பார்வை மங்கல், ஒரு பக்கம் பலவீனம், இவற்றில் எது இருந்தாலும் அவசரப் பிரிவு. உள்ளே இரத்தக்குழாய் கிழிந்திருந்தால் நாட்கள் கழித்துக்கூடப் பக்கவாதம் வரலாம். 2008-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முன்பு கழுத்து நெரிக்கப்பட்ட பெண்கள் பின்னாளில் அதே துணைவரால் கொல்லப்படும் வாய்ப்பு 7 மடங்குக்கு மேல் என்று தெரிந்தது. ஆகவே இன்னும் ஒரே வீட்டில் இருந்தால், மறதிக்கான சிகிச்சையைவிடப் பாதுகாப்புத் திட்டம் முந்த வேண்டும்.

கேள்வி: என் மனைவி என்னை அடிக்கிறாள், பொருட்களை வீசுகிறாள். ஆண் என்பதால் டாக்டரிடம் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

நோயும் அதேதான், சிகிச்சையும் அதேதான். ஆண்கள் இதை வயிற்றெரிச்சல், கோபம், குடி என்று மாற்றிச் சொல்லி அதற்கான மருந்தோடு திரும்புகிறார்கள். முதல் கடிதத்துக்குச் சொன்ன அந்த ஒற்றைப் பக்கத்தை நீங்களும் எழுதி நீட்டுங்கள். திருப்பி அடித்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

கேள்வி: என் தங்கை மூன்று முறை எங்கள் வீட்டுக்கு வந்து, மூன்று முறையும் திரும்பிப் போய்விட்டாள். நான்காவது முறை வந்தால் சேர்க்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டேன். அவளை டாக்டரிடம் வலுக்கட்டாயமாகக் கூட்டிப்போகலாமா?

அந்த வார்த்தையை முதலில் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் தங்கை பலவீனமானவள் என்பதால் திரும்பிப் போகவில்லை. அடியும் அன்பும் ஒரே கையிலிருந்து, எப்போது எது வரும் என்று தெரியாமல் மாறிமாறி வரும்போது உண்டாகும் பிடிப்பு மிக வலுவானது. 1981-லேயே டட்டன், பெயின்டர் என்ற இரு ஆய்வாளர்கள் இதை ‘அதிர்ச்சிப் பிணைப்பு’ என்று விளக்கினார்கள். அதோடு பணம், பிள்ளைகள், ‘போனால் கொன்றுவிடுவேன்’ என்ற மிரட்டல். அந்த மிரட்டலை வெறும் வாய்ச்சொல் என்று ஒதுக்கவும் கூடாது, பிரிந்து வரும் வாரங்கள்தான் அதிக ஆபத்தானவை. இந்த ஆபத்தை அளக்க அமெரிக்கச் செவிலியர்-ஆய்வாளர் ஜாக்குலின் கேம்பல் உருவாக்கிய 20 கேள்விகள் உண்டு. வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, கழுத்தை நெரித்தாரா, கர்ப்பத்தில் அடித்தாரா, கொல்வேன் என்றாரா, சமீபத்தில் அடி கூடியிருக்கிறதா என்று கேட்கும். குடும்ப வன்முறை உதவி மையங்களில் இதைத் தங்கையோடு உட்கார்ந்து போடச் சொல்லலாம்.

வலுக்கட்டாயம் வேண்டாம். அவள் முடிவை இதுவரை கணவர் எடுத்தார், இனி அக்கா எடுப்பாள் என்று ஆகிவிடும். உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால் மட்டும் அது வேறு. உலக சுகாதார நிறுவனம் சுகாதாரப் பணியாளர்களுக்கு ஐந்து படிகளைக் கற்றுக்கொடுக்கிறது: காதுகொடுப்பது, என்ன தேவை என்று கேட்பது, நம்புவதாகச் சொல்வது, பாதுகாப்பைப் பலப்படுத்துவது, உதவிகளோடு இணைப்பது. அக்காவுக்கும் அதே ஐந்துதான். ‘அவனை விட்டுவிடு’ என்பது அந்த ஐந்தில் இல்லை. அவரைத் திட்டாதீர்கள். திட்டினால் அவள் அவருக்கு வக்கீலாகிவிடுவாள், அடுத்த முறை அடிபட்டதை உங்களிடம் சொல்லவும் மாட்டாள்.

டாக்டர் என்ற பேச்சை அவளே சொன்ன தொந்தரவிலிருந்து எடுங்கள்: “தூக்கமே இல்லை என்றாயே, ஒருமுறை காட்டிவிட்டு வரலாம், நான் வெளியே உட்கார்ந்திருக்கிறேன்.” முன்பதிவு, பயணம், பிள்ளையைப் பார்த்துக்கொள்வது இந்த மூன்றையும் நீங்கள் ஏற்றுக்கொண்டால் பாதித் தடை தீர்ந்தது. தற்கொலை பற்றிக் கேட்கப் பயப்படாதீர்கள். கேட்பதால் எண்ணம் வருவதில்லை. “செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா? எப்படி என்று யோசித்திருக்கிறாயா? அதற்கு ஏதாவது எடுத்து வைத்திருக்கிறாயா?” என்று இந்த வரிசையிலேயே கேளுங்கள். மூன்றாவதுக்கு ஆம் என்றால் அவளைத் தனியாக விடாமல் அன்றே மருத்துவமனைக்கு.

இப்போதைக்கு அவள் அந்த வீட்டில்தான் இருக்கிறாள் என்றால், அடையாள அட்டை, பிள்ளைகளின் சான்றிதழ், மருந்துச்சீட்டு ஆகியவற்றின் நகல், ஒரு வாரத்து மாத்திரை, ஒரு சாவி, கொஞ்சம் ரொக்கம் எல்லாம் உங்களிடம் ஒரு பையில் இருக்கட்டும். அவள் தொலைபேசியில் சொல்ல ஒரு சாதாரண வாக்கியத்தைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கேட்டால் கேள்வி கேட்காமல் கிளம்பிப் போகவேண்டும், நான்காவது முறையானாலும்.